பாடசாலையும் பாட்டும்

எமது பாடசாலைகளிலே இசை கற்பிக்கப்படுகின்றதா என்று வினவினால், ஆம் என்றே எவரும் விடை கூறுவர். நேரசூசியில் அதற்கு இடமுண்டு. அரசாங்கம் இலவசமாக வழங்கும் பாடநூல் உண்டு. கல்விப் பொதுத் தராதரச் சாதாரணதரப் பரீட்சையிலே எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு. அதற்கு மேலே பட்டம் பெறுவதற்கு யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உயர்கல்வி நிலையங்களும் உண்டு. இவ்வளவும் இருந்தும், பதினொரு வருடங்களைப் பாடசாலையிலே கழித்துவிட்டு வெளியேறும் மாணவரிற் பெரும்பாலோரை நோக்கி ஒரு பாட்டுப் பாடுமாறு கேட்டால் கிடைக்கும் விடை ஒன்றே: “நான் சங்கீதம் படிக்கவில்லை.”

இவ்விடை சிந்தனைக்குரியது. பாடுதல் என்பது படித்தவர்க்கே உரிய காரியம் என்ற எண்ணம் இதிலே பொதிந்துள்ளது. வயலிலே அருவி வெட்டியவளும், கரைவலை இழுக்கும்போது அம்பா பாடியவனும், தொட்டிலை ஆட்டிய பாட்டியும் தாங்கள் சங்கீதம் படிக்கவில்லை என்ற காரணத்தினாற் பாடாமல் இருந்ததில்லை. பாடத் தெரிந்தோர், பாடத் தெரியாதோர் என்ற பிரிவினையைப் பெருமளவுக்கு உண்டாக்கியது பாடசாலையே. எழுத்தறிவை ஏழையின் குடிசைவரை கொண்டுசென்ற அதே நிறுவனம், இசை விடயத்திலே பெரும்பான்மையோரை வாய்மூடிகளாக்கி வெளியே அனுப்புகின்றது எனின், குறை மாணவரின் குரல்வளையில் இல்லை.

இசைக்கல்விக்காகப் பரிந்து பேசுவோர் எம்மிடையே இல்லாமலில்லை. ஆனால் அவர்களிற் பலர் அண்மைக்காலத்திற் கைக்கொண்டுள்ள வாதம் எமக்கு உவப்பானதன்று. இசை கற்றால் மூளை வளரும், கணிதத்திலே கூடிய புள்ளி கிடைக்கும் என்பது அவர்தம் கூற்று. 1993ஆம் ஆண்டிலே ‘நேச்சர்’ என்னும் விஞ்ஞான சஞ்சிகையில் வெளிவந்த சிறியதோர் ஆய்வே இதற்கு வித்திட்டது. மோட்சார்ட்டின் இசையைப் பத்து நிமிடங்கள் கேட்ட கல்லூரி மாணவர் சிலர், வடிவங்களை மனத்திலே மடித்தும் திருப்பியும் பார்க்கும் வினாக்களுக்குச் சற்றே சிறப்பாக விடையளித்தனர். அந்த விளைவும் கால்மணி நேரத்துள் மறைந்தது. குழந்தைகளைப் பற்றியோ, பாடக் கற்பதைப் பற்றியோ அவ்வாய்வு எதுவும் கூறவில்லை. வணிகரோ அதனை வைத்துக்கொண்டு தொட்டிற் குழந்தைகளுக்கு இசைத்தட்டு விற்றனர். இவ்வாதத்தின் பலவீனம் விஞ்ஞானத்தில் மாத்திரம் இல்லை. இசையைக் கணிதத்தின் பணிப்பெண்ணாக ஒப்புக்கொண்ட பின்னர், அதே புள்ளிகளைச் சதுரங்க ஆட்டம் கூடுதலாகப் பெற்றுத்தரும் என்று நாளை ஒருவர் நிரூபித்தால், இசையைக் கைவிட வேண்டியதுதானே? மொழி கற்பதற்கு எவரும் இத்தகைய சான்றிதழ் கேட்பதில்லை. பேசத் தெரிதல் மனிதனுக்கு வேண்டியது என்பதே போதும். பலரோடு சேர்ந்து ஒரு சுருதியில் நிற்கவும், தான் துயருறும்போது அதற்கு உருக்கொடுக்கவும் தெரிந்திருத்தல் அதைப்போன்றதே.

ஆகவே, இசை வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியிலும், யாருக்கு, எந்த இசை என்ற கேள்வியே எமக்கு முக்கியமாகப் படுகின்றது.

1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியாற் கட்டணமில்லாக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அது இந்நாட்டு ஏழை மக்கள் பெற்ற பெரும்பேறு. ஆயின் எல்லாப் பாடங்களும் ஒரே வேகத்தில் இலவசமாகிவிடவில்லை. கணிதமும் விஞ்ஞானமும் கிராமத்துப் பிள்ளையை எட்டிய அளவுக்கு இசை எட்டவில்லை. வீட்டுக்கு ஆசிரியரை வரவழைக்கவும், வயலினோ வீணையோ வாங்கவும் வசதிபெற்ற குடும்பத்துப் பெண்பிள்ளை, ஏழு எட்டு வயதிலேயே தனியார் வகுப்பிற் சரளி வரிசை பாடத் தொடங்குகிறாள். வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றுகிறாள். அச்சபை பல தசாப்தங்களாக ஆற்றிய பணி சிறிதன்று; அது இல்லாதிருந்தால் வடபகுதியிலே ஒழுங்கான இசைப்பயிற்சியே அருகியிருக்கும். ஆனால் அப்படி முன்னரே பயின்றுவந்த பிள்ளையையே பாடசாலையின் சங்கீத வகுப்பு எதிர்பார்த்துக் காத்திருக்கின்றது. ஆறாம் வகுப்பிலே முதன்முதலாகச் சுருதிப் பெட்டியின் ஒலியைக் கேட்கும் கமக்காரனின் மகனும் அவளும் ஒரே வாங்கில் அமர்கின்றனர். இருவரையும் ஒரே அளவுகோலால் ஆசிரியை அளக்கிறார். இரண்டு மாதத்தில் அவன் சித்திர வகுப்புக்கு மாறிவிடுகிறான்.

மாறாமல் இருந்த ஆண்பிள்ளைக்கும் வேறொரு சோதனை உண்டு. பதின்மூன்று பதினான்கு வயதிலே அவன் குரல் உடைகின்றது. நேற்றுவரை எட்டிய தாரஸ்தாயி இன்று எட்டவில்லை. பெண்பிள்ளைகளின் சுருதிக்கே வகுப்பு முழுவதும் பாடும்போது அவன் பிசிறுகிறான், சிரிப்பு எழுகிறது, “நீ பாடாதே, தாளத்தை மட்டும் போடு” என்று கூறப்படுகிறது. குரல் உடையும் காலத்திலே சுருதியை இறக்கிக்கொடுத்து, இரண்டு வருடம் குறுகிய எல்லைக்குள் பாடவைத்தால் அதே பையன் நல்ல கனத்த குரலோடு மீண்டுவருவான். இது எல்லா இசை ஆசிரியருக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஆரம்ப அறிவு. குறுகிய பாடவேளையும் பரீட்சைப் பாடத்திட்டமும் அதற்கு இடம் கொடுப்பதில்லை. சங்கீதம் பெண்பிள்ளைகளின் பாடம் என்ற பேச்சு இப்படித்தான் நிலைபெற்றது.

இனி, எந்த இசை என்ற கேள்விக்கு வருவோம்.

பாடநூலைத் திறந்தால் மாயாமாளவகௌளை இராகத்திற் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், பின்னர் கீதம், ஜதிஸ்வரம், கீர்த்தனை என்ற ஒழுங்கைக் காண்கிறோம். பதினாறாம் நூற்றாண்டிலே வாழ்ந்த புரந்தரதாசர் வகுத்தது என்று மரபு கூறும் ஒழுங்கு இது. தொழில்முறைப் பாடகர் ஒருவரை உருவாக்குவதற்கு இதைவிடச் சிறந்த வழியை எவரும் கண்டுபிடித்துவிட்டதாகத் தெரியவில்லை. குருவின் முன்னே நாள்தோறும் மணிக்கணக்காக அமர்ந்திருக்கும் ஒரு சீடனுக்காக உண்டானது அது. வாரத்திலே சில பாடவேளைகள் மாத்திரம் வாய்க்கும் நாற்பது பிள்ளைகளுக்கு அதனை அப்படியே இறக்கிவைத்ததன் விளைவு யாது? வரிசைகளைத் தாண்டி ஒரு முழுமையான பாட்டை மனமுவந்து பாடும் நிலை வருவதற்கு முன்னரே பெரும்பாலோர் விலகிவிடுகின்றனர். எஞ்சியோர் எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களின் சக்கரப் பெயர்களையும், முப்பத்தைந்து தாளங்களின் அட்சரக் கணக்கையும், வாக்கேயகாரர் பிறந்த ஊர்களையும் மனனம் செய்கின்றனர். இசையைப் பற்றி எழுதத் தெரிந்தவர்களாகவும் இசைக்கத் தெரியாதவர்களாகவும் தேறுகின்றனர். செய்முறைத் தேர்விலே பரீட்சகர் முன் தனித்து நின்று சில நிமிடம் பாடுவதோடு அவர்களிற் பலருடைய சங்கீத வாழ்வு முற்றுப்பெறுகின்றது. சேர்ந்து பாடும் அனுபவமே இதில் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

பொருள் விளங்காத பாட்டைப் பாடுவது பற்றிப் பாரதி ‘சங்கீத விஷயம்’ என்ற கட்டுரையிலே காரசாரமாக எழுதினார். அவர் மறைந்து நூறு வருடங்கள் கடந்துவிட்டன. 1940களிலே தமிழகத்தில் எழுந்த தமிழிசை இயக்கம் மேடையை ஓரளவு மாற்றியது. வகுப்பறையிலே அம்மாற்றம் அரைகுறையாகவே நிகழ்ந்தது. அதைவிட எமக்கு வருத்தந் தருவது விபுலாநந்த அடிகளின் கதை. இந்நாட்டவர், கிழக்கிலே பாடசாலைகளைக் கட்டியெழுப்பியவர், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியர். வில்யாழ் முதலாகச் சகோடயாழ் ஈறாகப் பண்டைத் தமிழரின் நரம்புக் கருவிகளைக் கணித நுட்பத்தோடு ஆராய்ந்த அவரது ‘யாழ்நூல்’ 1947ஆம் ஆண்டிலே, அவர் காலமாவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் அரங்கேறியது. நல்லாசிரியர் ஒருவரே பேரிசை அறிஞராகவும் இருந்த அரிய சந்தர்ப்பம் அது. அவருக்கு விழா எடுக்கிறோம், சிலை நாட்டுகிறோம், அவர் பெயரால் 1982இல் கல்லடியிலே இசை நடனக் கல்லூரியும் தோன்றியது. ஆனால் ஒரு நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் ஸ்தாயி ஏறும், மூன்றில் இரண்டாக்கினாற் பஞ்சமம் பிறக்கும் என்ற எளிய உண்மையை, ஒரு பலகையும் கம்பியும் கொண்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் காட்டும் பாடசாலைகள் எத்தனை? விஞ்ஞான ஆசிரியரும் சங்கீத ஆசிரியரும் சேர்ந்து ஒரு மணி நேரத்திற் செய்யக்கூடிய காரியம் இது.

இவ்விடத்தில் ஒன்று கூறல் வேண்டும். கர்நாடக சங்கீதம் நிலப்பிரபுத்துவ காலத்து மேட்டுக்குடியினரின் கலை. ஆகவே மக்கள் பாடசாலையில் அதற்கு இடமில்லை என்று வாதிடும் நண்பர்கள் எம்மிடையே உள்ளனர். இக்கூற்று புரட்சிகரமாகத் தோன்றினாலும் உண்மையில் ஏழைக்குத் துரோகமிழைப்பதாகும். உயர்ந்த கலை எதுவாயினும் அதனைப் படைத்த உழைப்பிலே மக்களின் பங்குண்டு. எமது நாட்டுத் தவில், நாகஸ்வர மரபையே எடுத்துக்கொள்வோம். கோயில் வீதியிலே நின்று அதனை வளர்த்தவர்கள் நிலவுடைமையாளர் அல்லர். அவர்களை வேண்டும்போது அழைத்து, விழா முடிந்ததும் எட்டத்தில் நிறுத்திவைத்த சமூகத்திலே வாழ்ந்த கலைஞர்கள். 1975இல் மறைந்த அளவெட்டி தட்சணாமூர்த்தி தமிழகத்தின் முதல்வரிசை வித்துவான்களும் வியக்கும் தவிலிசையை வாசித்தார். அந்த ஆற்றல் எந்தப் பாடசாலையிலும் பிறக்கவில்லை. ஷேக்ஸ்பியரைத் தொழிலாளியின் பிள்ளைக்கு மறுப்பது எவ்வாறு முற்போக்காகாதோ, அவ்வாறே தோடியையும் கல்யாணியையும் மறுப்பதும் முற்போக்காகாது. எமது முறைப்பாடு அவை கற்பிக்கப்படுவது பற்றியதன்று. அவற்றுக்குச் செல்லும் படிக்கட்டிலே முதற் பத்துப் படிகள் இல்லாதிருப்பது பற்றியது.

அப்படிகள் எங்கே உள்ளன? பிள்ளையின் வீட்டிலும் ஊரிலும் உள்ளன. தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் கூத்துத் தருவும் சில சுரங்களுக்குள்ளேயே பெரும்பாலும் இயங்குபவை. குழந்தைக் குரலுக்கு இயல்பாகப் பொருந்துபவை. புன்னாகவராளி, நாதநாமக்கிரியை, ஆனந்தபைரவி முதலிய இராகங்கள் மக்கள் பாட்டிலிருந்தே சாஸ்திரிய மேடைக்கு ஏறியவை என்பர் இசையறிஞர். ஊரிலே கேட்ட மெட்டைப் பாடவைத்து, அதன் சுரங்களைப் பிள்ளையே கண்டுபிடிக்கச்செய்து, அங்கிருந்து இராகத்துக்கு அழைத்துச் செல்லும் பாதை திறந்தே கிடக்கின்றது. மட்டக்களப்பினதும் மன்னாரினதும் நாட்டுப் பாடல்கள் 1960களிலேயே நூல்வடிவம் பெற்றன. மலையக மக்களின் பாடல்களை ஸி. வி. வேலுப்பிள்ளை தொகுத்தார். அந்நூல்களிலிருந்து தமிழ்ப் பாடநூலுக்குச் சில வரிகள் எடுக்கப்படுகின்றன. உவமையும் எதுகையும் விளக்கப்படுகின்றன. தேர்வில் வினாவும் வருகின்றது. மெட்டு மட்டும் வருவதில்லை. பாட்டைப் பாடாமற் படிக்கும் விசித்திரத்தை எமது பாடசாலைகளே கண்டுபிடித்தன.

இவ்வகையில் உலகுக்கு வழிகாட்டிய நாடு ஹங்கேரி. சோல்டான் கோடாய் என்ற இசைமேதை 1905 முதல், பின்னர் பேலா பார்டோக்கோடு சேர்ந்து, கிராமம் கிராமமாகச் சென்று குடியானவர் பாடல்களைச் சேகரித்தார். தம் நாட்டுப் படித்த வகுப்பினர் ஜெர்மானிய இசையிலே மூழ்கிச் சொந்த மக்களின் இசையை அறியாதிருந்த நிலை அவரை வாட்டியது. 1929இல் அவர் எழுதிய கட்டுரையொன்று பாடசாலைகளிற் புகட்டப்பட்ட மலிவான இசையைக் கடுமையாகச் சாடியது. தாய்மொழிபோல இசைக்கும் தாய்மொழி ஒன்று உண்டு. அது நாட்டார் பாடல். கருவியில் அன்றிக் குரலிலேயே அது தொடங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1950இல் அவர் பிறந்த ஊராகிய கெச்கெமேட்டிலே நாள்தோறும் பாடல் கற்பிக்கும் ஆரம்பப் பாடசாலை திறக்கப்பட்டது. அடுத்த பதினைந்து வருடங்களுக்குள் அத்தகைய பாடசாலைகள் நூற்றுக்கும் மேலாகப் பெருகின. அங்கே பயன்பட்டவை கையசைவாற் சுரங்காட்டும் முறையும், இடம் மாறும் ஆதார சுருதியும். பின்னையது எமக்குப் புதிதன்று. எமது ‘ஸ’ என்றைக்கும் இடம் மாறுவதே. கோடாய் செய்தவற்றில் ஒன்றுமட்டும் எமக்கு உடன்பாடில்லை. நகரத்து உணவகங்களிலே ஒலித்த ஜனரஞ்சக இசையை அவர் முற்றாக வெறுத்தார். எமது பிள்ளைகள் திரைப்பாடல்களோடுதான் வகுப்புக்கு வருகிறார்கள். அவற்றை வாசலில் விட்டுவிட்டு வா என்பது பிள்ளையின் செவியை வாசலில் விட்டுவரச் சொல்வதாகும். நல்ல ஆசிரியர் அதே பாட்டிலிருந்து இராகத்தைக் காட்டுவார். மட்டமான பாட்டு ஏன் மட்டமானது என்பதையும் காட்டுவார்.

சிங்கள மக்களிடையேயும் இதே சிக்கல் இருந்தது. 1952இல் இலங்கை வானொலிக் கலைஞர்களைத் தேர்ந்து தரப்படுத்துவதற்கு லக்னோவிலிருந்து பேராசிரியர் ரத்தன்ஜன்கர் அழைக்கப்பட்டார். வடஇந்திய இராக அறிவே அளவுகோலாக அமையக்கூடிய அத்தேர்வுக்குத் தோற்ற மறுத்து சுனில் சாந்த வானொலியை இழந்தார். கல்வித் திணைக்களத்திலே பணியாற்றிய மக்குலொலுவ கிராமத்துப் பாடல்களைத் திரட்டி, தேசிய இசைக்கல்வி அவற்றின் மீதே எழ வேண்டுமென வாதிட்டார். இவர்தம் போராட்டத்தை எமது இசை ஆசிரியர்கள் அறியாதிருப்பது, இரு மொழியினரையும் பிரித்துவைத்த கல்விமுறையின் மற்றொரு விளைவு.

எமது பக்கத்திலும் முன்மாதிரி இல்லாமற் போகவில்லை. 1962இலே பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றியபோது, ஆட்டமும் பாட்டும் பழக்கியவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். பின்னர் ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ என்பன வந்தன. பட்டதாரிகள் அண்ணாவியாரின் முன் மாணவராக நின்ற காட்சி எமது கல்வி வரலாற்றிலே ஒரு திருப்பம். ஆயினும் அன்று பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தவர் போன்ற ஒருவர், இன்று தம் ஊர் வித்தியாலயத்திலே இசை கற்பிக்க விரும்பினால் என்ன தகைமை கேட்கப்படும்? சான்றிதழ் கேட்கப்படும். முழு இரவும் பாடக்கூடிய குரலும், நூற்றுக்கணக்கான தருக்களும், தாளக்கட்டு முழுவதும் நெஞ்சிலே இருப்பதைத் தகைமையாக ஏற்கும் படிவம் எமது திணைக்களங்களில் இல்லை. விழாவுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவதற்குப் படிவம் தேவைப்படுவதில்லை!

இன்னும் கசப்பான விடயம் ஒன்று உண்டு. பறையும் தப்பும் பாடசாலைக்குள் வருமா என்று கேட்டால் நாட்டார் கலையைப் புகழ்ந்து பேசுவோரிலும் பலர் மௌனமாகின்றனர். பறையறைதலைச் சாவீட்டோடும் சாதியோடும் பிணைத்து வைத்தது எமது சமூகம். அத்தொழிலைக் கைவிடுவதே விடுதலை என்று அச்சமூகத்து இளைஞர்கள் எண்ணியதில் முழு நியாயமுண்டு. கலையைக் காப்பாற்றும்பொருட்டு நீங்களே தொடர்ந்து அடியுங்கள் என்று அவர்களுக்கு உபதேசிக்கும் உரிமை எவருக்கும் இல்லை. மலையகத்திலே அதிகாலையிற் பிரட்டுக்கு ஆள் கூட்டிய தப்பும், மாசி மாதத்துக் காமன் கூத்திலே முழங்கிய தப்பும் இதே பழியைச் சுமந்தவை. இந்தப் பழி போக வேண்டுமானால், பிறப்பை நோக்காது எல்லாப் பிள்ளைகளின் தோளிலும் அந்தத் தோற்கருவி ஏறவேண்டும். வேளாளன் மகனும் ஆசிரியர் மகளும் அதனைப் பழகும் இடம், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒருங்கே கூடும் இடமாகிய பாடசாலையன்றி வேறெது? மிருதங்கம் கற்பிக்கப்படும் அறையில் அதுவும் கற்பிக்கப்படுமாயின், சமத்துவத்தைப் பற்றிய ஒரு வருடப் பாடத்தைவிட அதன் பயன் கூடுதலாக இருக்கும். எதிர்ப்பும் அங்கேதான் கிளம்பும், பெற்றார் சிலர் பிள்ளையை அனுப்ப மறுப்பர், அதிபர் தயங்குவார். சமபந்தி போசனம் முதலில் நடந்தபோதும் பாடசாலைகளில் இவைதாம் நிகழ்ந்தன.

2025ஆம் ஆண்டிலே கல்விச் சீர்திருத்தம் பற்றிய விவாதம் எழுந்தபோது, வரலாறும் அழகியலும் மேல்வகுப்புகளில் விருப்பப் பாடங்களாகிவிடுமோ என்ற அச்சம் பலராலும் வெளியிடப்பட்டது. அவ்வச்சம் நியாயமானதே. ஆனால் பத்தாம் வகுப்பிலே ஒரு பாடத்தைக் காப்பாற்றுவதற்குக் கொடிபிடிக்கும் நாம், முதலாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை நடப்பதைக் காணாதிருக்கிறோம். புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் விழுந்ததும் அங்கே பாட்டு முதலில் நின்றுபோகின்றது. எட்டு வயதுவரை தயக்கமின்றிப் பாடும் பிள்ளை பத்து வயதில் வினாத்தாள் கட்டுகளோடு குந்தியிருக்கிறது. இசைக்கல்விக்கான கோரிக்கை இங்கிருந்தே தொடங்க வேண்டும்: ஆரம்ப வகுப்புகளில் நாள்தோறும் கால்மணி நேரம், வகுப்பாசிரியரே முன்னின்று, எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து பாடுதல், அதற்குப் புள்ளியும் வேண்டாம், பரீட்சையும் வேண்டாம்.

இதற்குச் சங்கீத பட்டதாரிகள் தேவையில்லை. இருபது பாட்டுக்களைச் சுருதி பிசகாமற் பாடத்தெரிந்த ஆரம்பநெறி ஆசிரியர்களே தேவை. கல்வியியற் கல்லூரிகளிலே எந்தப் பாடத்துக்குப் பயிற்சி பெறுவோராயினும் அவர்களுக்கு இவ்வளவைக் கட்டாயமாக்கலாம். தோட்டப் பாடசாலைகளும் வன்னியின் உட்கிராமப் பாடசாலைகளும் சங்கீத ஆசிரியர் நியமனத்துக்காகப் பல வருடங்கள் காத்திருக்கவேண்டிய அவசியம் அப்போது குறையும். அண்ணாவியார்களையும் மேளக் கலைஞர்களையும் மணிக்கணக்கிற் கூலி கொடுத்து வருகைதரு ஆசிரியராக அழைப்பதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். அதற்காக ஆசிரியர் சங்கங்கள் சம்பள உயர்வைக் கேட்கும் அதே உறுதியோடு கேட்க வேண்டும். அதுவரை காத்திராமற் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. பாடசாலைக்குத் தேவையான பொருட்களின் பட்டியலைத் திணைக்களத்துக்கு அனுப்பும்போது, சுருதிப் பெட்டிக்காக எழுதப்படும் கடிதத்திலேயே ஒரு மத்தளத்துக்கும், ஒரு சோடி சல்லரிக்கும், இரண்டு தப்புக்கும் சேர்த்து எழுதலாம்.